வெயிலுக்கு ஒதுங்கிய தெரு

ஜூலை மாதத்து துபாயில் நான்கு வயதுப் பையனை ஓடவிட ஓர் இடம் வேண்டுமென்றால், அவனை மாலுக்குத்தான் அழைத்துப்போக வேண்டும். காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுடும். பகலில் 45 டிகிரி சாதாரணம். பொழுது சாய்ந்தபின் வெளியே வரலாம் என்றால், கடலிலிருந்து ஏறும் ஈரக்காற்று பத்து நிமிடத்தில் சட்டையை நனைத்துவிடும். பூங்காவில் ஊஞ்சல் இருக்கிறது. அதன் சங்கிலியைத் தொட முடியாது.

2012லிருந்து 2016வரை கராமாவில் குடியிருந்தோம். துபாயின் பழைய பகுதிகளில் ஒன்று. உயரம் குறைந்த கட்டடங்கள், மாடிப்படிகளில் மலையாளமும் தமிழும் இந்தியும் கலந்த பேச்சு, கீழே இறங்கினால் கறிவேப்பிலை கிடைக்கும் மளிகைக் கடை. குளிர்காலத்தில் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடமே பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானம். மே பிறந்துவிட்டால் அங்கே பூனைகூட நடக்காது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. விமானக் கட்டணமும் சரியாக அந்த இரண்டு மாதங்களில்தான் உச்சத்தில் நிற்கும். நான்கு பேருக்கு டிக்கெட் எடுக்க முடிந்தவர்கள் ஊருக்குப் போவார்கள். முடியாதவர்கள் மாலுக்குப் போவார்கள். 2013 கோடையில் நாங்கள் இரண்டாவது ரகம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு.

பிள்ளைகளோடு மாலுக்குப் போவது தனி வித்தை. வாங்கப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை; வாங்காமல் திரும்ப வேண்டியவர்களுக்குத்தான் தேவை. எந்த மாலில் பொம்மைக் கடை எந்த மாடியில், எந்த நகரும் படிக்கட்டு நேரே அதன் வாசலில் கொண்டுபோய் இறக்கும், அதைத் தவிர்க்க லிஃப்ட் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பையில் தண்ணீர் பாட்டிலோடு இரண்டு ஸ்வெட்டர். வெளியே 45 டிகிரி, உள்ளே குளிரில் பிள்ளைகளுக்குத் தும்மல் வரும். திரும்பி வெளியே வரும்போது என் மூக்குக்கண்ணாடி ஒரு நொடியில் வெள்ளையாகிவிடும். கண் தெரியாமல் இரண்டு கைகளிலும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எதைப் பார்த்தாலும் 15ஆல் பெருக்கும் வியாதி வேறு. அன்றைக்கு ஒரு திர்ஹம் ஏறக்குறைய 15 ரூபாய். விளையாட்டுக் கூடத்தில் ஓர் அட்டைக்கு 50 திர்ஹம் போட்டுக் கொடுத்தால் அரை மணியில் தீர்ந்துவிடும். இயந்திரங்கள் துப்பும் டிக்கெட்டுகளை மகள் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தாள். முந்நூறு சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு பென்சில் சீவி. அது கராமாவின் சின்னக் கடைகளில் ஒரு திர்ஹத்துக்குக் கிடைக்கும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அரசாங்கமே இந்த இரண்டு மாதங்களுக்கு ஒரு விழாவை வைத்திருக்கிறது. 1996இல் தொடங்கிய குளிர்கால ஷாப்பிங் திருவிழா போதாதென்று, 1998இல் கோடைக்கும் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்குச் சின்னம் மோதேஷ் என்ற மஞ்சள் பொம்மை. சுருள்வில்லுக்குக் கண்ணும் வாயும் வைத்ததுபோல் இருக்கும். துபாயில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோடை என்றால் மோதேஷ். நமக்கு நுங்கு எப்படியோ அப்படி.

மாலில் காலை நேரத்துக்குத் தனி முகம் உண்டு. கடைகள் திறக்குமுன் முதியவர்கள் நடைபயிற்சிக்கு வருவார்கள். மகனையோ மகளையோ பார்க்க விசிட் விசாவில் வந்த கும்பகோணத்து மாமிகளும் பாலக்காட்டு அம்மாமார்களும் புடவைக்குக் கீழே விளையாட்டு ஷூ அணிந்து, மூடிய நகைக் கடைகளைச் சுற்றி நடப்பார்கள். கோயில் பிராகாரம் சுற்றும் அதே வேகம். என் மாமியார் வந்திருந்த மாதத்தில் எண்ணி ஒன்பது சுற்று வருவார். கேட்டால், "பழக்கம்தான்" என்பார்.

மால் என்ற அமைப்பை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் விக்டர் குரூன். வியன்னாவில் பிறந்த யூதக் கட்டடக் கலைஞர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனார். மினியாபொலிஸ் அருகே ஈடைனா என்ற ஊரில் 1956இல் அவர் வடிவமைத்துத் திறந்த சவுத்டேல்தான் முற்றிலும் கூரையிட்டு, குளிர்-வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட முதல் அமெரிக்க மால். அங்கே பிரச்சினை பனி. ஆறு மாதம் வெளியே நடக்க முடியாத ஊரில், தன் வியன்னாவைப்போல மனிதர்கள் நடந்து, உட்கார்ந்து, பேசிக்கொள்ள ஒரு தெருவைக் கூரைக்கடியில் கொடுக்க நினைத்தார். நடுமுற்றத்தில் பறவைக் கூண்டுகூட வைத்தார். சுற்றிலும் வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் வர வேண்டும் என்பது திட்டம். கடையும் கார் நிறுத்துமிடமும் மட்டும்தான் வந்தன. கடைசிக் காலத்தில் தன் பெயரை அந்தக் கட்டடங்களோடு சேர்க்காதீர்கள் என்று வெறுத்துப் பேசினார். பனிக்குப் பயந்து பிறந்தது, பாலைவனத்தில் வெயிலுக்குப் பயந்து பெருத்தது. 1981இல் அல் குரைர் சென்டர், 1995இல் டெய்ரா சிட்டி சென்டர், 2005இல் மால் ஆஃப் தி எமிரேட்ஸ், 2008இல் துபாய் மால் என்று ஒவ்வொன்றும் முந்தையதைச் சிறியதாக்கிக்கொண்டே வந்தன.

மால் ஆஃப் தி எமிரேட்ஸில் 22,500 சதுர மீட்டருக்குப் பனிமலை கட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிர். கோட்டும் பூட்ஸும் அங்கேயே தருவார்கள். நுழைவுக் கட்டணத்தை நான்கால் பெருக்கி, பிறகு 15ஆல் பெருக்கி, வெளியே கண்ணாடியோரம் நின்று பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அங்கேதான் மகன் தரையில் புரண்டு அழுதான். நான் தூக்கத் தூக்க வழுக்கினான். சுற்றிலும் ஆட்கள். கறுப்பு அபாயா அணிந்த ஓர் எமிராத்திப் பாட்டி, உள்ளூர்க்காரர், நின்று பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு பேரீச்சை மிட்டாயை எடுத்து நீட்டி, குனிந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அரபியில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவனுக்கு எல்லாம் புரிந்ததுபோல் அழுகை நின்றது. நான் கை குவித்தேன், அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு ஊருக்குப் போன் செய்தபோது இதைத்தான் பெருமையாகச் சொன்னேன்.

இனி சொல்ல வேண்டியது ஒரு சொல்லைப் பற்றி. வளைகுடாவில் "பேச்சிலர்" என்றால் கல்யாணமாகாதவன் என்று பொருளில்லை. குடும்பத்தை உடன் வைத்திருக்காத ஆண் என்று பொருள். மூன்று பிள்ளைகளின் தகப்பன் அங்கே பேச்சிலர்; பேரன் எடுத்தவரும் பேச்சிலர். மளிகைக் கடைச் சுவர்களில் "பேச்சிலருக்குக் கட்டில் இடம்" என்று விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். அறைகூட இல்லை, கட்டில். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தச் சொல் பெரிய தொல்லை. பிரமச்சாரி என்று எழுதினால் அவர் மனைவி சண்டைக்கு வருவார். தனியாள் என்றால், பத்துப் பேர் ஓர் அறையில் படுத்திருப்பவரைத் தனியாள் என்று எப்படி எழுதுவது?

யார் குடும்பஸ்தர், யார் பேச்சிலர் என்பதை அங்கே சம்பளம் தீர்மானிக்கிறது. நாங்கள் இருந்த காலத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் குடியிருக்க வீடும் இருந்தால்தான் மனைவி மக்களுக்கு விசா எடுக்க முடியும். பார்க்கும் வேலையின் பெயரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை 2019இல் நீக்கினார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் நிபந்தனையே எட்டாது. பொருள் தேடிக் கடல் கடப்பவன் பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா உண்டு. முதுகலை வகுப்பில் அதைப் படித்தபோது, பழைய காலத்துக் கட்டுப்பாடு என்று நினைத்துத் தாண்டிப் போனேன். தொல்காப்பியர் எல்லா ஆண்களுக்கும் ஒரே விதியாக வைத்தார்; துபாய் 4,000 திர்ஹத்தில் கோடு கிழித்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வார விடுமுறை அப்போது வெள்ளியும் சனியும். சனி, ஞாயிறுக்கு மாறியது 2022 ஜனவரியில்தான். முகாம்களில் இருந்தவர்களுக்கு வெள்ளி ஒருநாள் மட்டும் ஓய்வு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30லிருந்து 3 மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். மற்ற நேரத்தில் அதே வெயிலில்தான் வேலை. வெள்ளி மாலை அவர்களும் எங்களைப்போல நிழல் தேடி மாலுக்கு வருவார்கள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நான்கைந்து பேராக. கடைகளுக்குள் போகமாட்டார்கள். நடைபாதையின் நடுவில் நடப்பார்கள். கத்தாரில் சில மால்கள் வெள்ளிக்கிழமையைக் குடும்ப நாளென்று அறிவித்து, தனியாக வரும் ஆண் தொழிலாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியது செய்தியாக வந்தது. துபாயில் நான் போன மால்களில் அப்படித் தடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வரும்போது மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்குவார்கள். நானும்தான்.

துபாய் மாலுக்கு மெட்ரோவில் போனால், நிலையத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் குளிரூட்டிய பாலத்தில் நடக்க வேண்டும். நகரும் பாதை உண்டு. என் மகனுக்கு அதுவே பாதித் திருவிழா. உள்ளே 1,200 கடைகள் என்கிறார்கள். நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்: மீன்தொட்டி. தொட்டி என்று சொல்வது தவறு. ஒரு கோடி லிட்டர் தண்ணீர். முன்னால் ஒரே அக்ரிலிக் பலகை, அகலம் 32 மீட்டருக்கு மேல், உயரம் 8 மீட்டருக்கு மேல், கனம் முக்கால் மீட்டர். அதற்குப் பின்னால் சுறாவும் திருக்கையும் போய்க்கொண்டே இருக்கும். சுரங்க வழியாக உள்ளே போகத்தான் டிக்கெட். பலகைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் காசில்லை. ஆகையால் அந்த இடத்தில்தான் துபாயின் எல்லாரும் சந்திப்பார்கள். ரஷ்யச் சுற்றுலாக்காரர்கள், எமிராத்திக் குடும்பங்கள், நாங்கள், முகாம்காரர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் என்னிடம் வந்தார். முப்பது வயதிருக்கும். என் பிள்ளைகளோடு நான் தமிழில் பேசியதைக் கேட்டிருக்கிறார்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தாரீங்களா? மீனு தெரியணும்."

"எந்த ஊர்?"

"முதுகுளத்தூர் பக்கம்க்கா. இங்க ஜபல் அலியில கேம்ப்."

அவருடன் வந்தவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். போனை வாங்கிக்கொண்டேன். பலகைக்கு முன்னால் அவர் விறைப்பாக, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் நின்றார். ஒரு திருக்கை வரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் என் மகன் ஓடிப்போய் அவர் காலடியில் நின்று கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தான். அவர் குனிந்து, "தம்பி பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டே அவனைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கண்ணா, இங்கே வா!" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயரமாக வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து, மறுபடி விறைப்பாக நின்றார். நான் படம் எடுத்தேன். போனைத் திருப்பிக் கொடுத்தபோது "தேங்ஸ்க்கா" என்றார், மகனைப் பார்க்கவில்லை. அவருடைய நண்பர்களில் வயதானவர், யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்வதுபோல், "அவனுக்கு ஊர்ல இதே வயசுல ஒண்ணு இருக்கு. ஒரு மாசம்தான் பாத்திருக்கான்" என்றார். பிறகு அவர்கள் நீரூற்று பார்க்கப் போகும் கூட்டத்தோடு நடந்து போனார்கள்.

திரும்பும்போது மெட்ரோவில் பெண்கள், குழந்தைகள் பெட்டியில் இடம் கிடைத்தது. இரண்டு நிலையம் தாண்டும்வரை மகள் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"ஏம்மா தம்பியைத் தூக்க விடலை?"

"தெரியாதவங்ககிட்ட போகக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்கல்ல?"

"அன்னிக்கு அந்தப் பாட்டி தூக்கினப்போ நீ ஒண்ணும் சொல்லலையே. அவங்க பேசினதுகூட நமக்குப் புரியலை."

மகன் என் மடியில் தூங்கிப்போயிருந்தான். அவன் விழித்துவிடுவான், சத்தம் போடாதே என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன். பாட்டி, பெண் என்பது ஒரு காரணம். அது மட்டும் காரணமல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஊரில் பேருந்தில் போகும்போது, முன்னால் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர் மடியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நின்றபடி பயணம் செய்து வளர்ந்தவள் நான். அந்தப் படம் இப்போது முதுகுளத்தூர்ப் பக்கத்தில் யாரோ ஒருவர் போனிலோ, சுவரிலோ இருக்கலாம். அதன் ஓரத்தில் மஞ்சள் சட்டையில் பாதிக் கை ஒன்று விழுந்திருக்கும். யாருடையது என்று அந்த வீட்டுப் பிள்ளை கேட்டிருக்கும்.

ரம்ஜான் அவ்வருடம் ஜூலை 10இல் தொடங்கியது. மால்கள் பகலில் வெறிச்சோடி, நள்ளிரவு தாண்டியும் விளக்கெரிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை இப்ன் பதூதா மாலுக்குப் போகலாம் என்றேன். நகரத்தின் மறுகோடி, ஜபல் அலிப் பக்கம். அங்கே அவர்களைப் பார்க்கலாம் என்று நினைத்தேனா என்றால், நினைத்தேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்றும் தெரியாது.

2005இல் திறந்த அந்த மால், 14ஆம் நூற்றாண்டின் மொராக்கோ யாத்ரிகர் போன நாடுகளை ஆறு முற்றங்களாக வைத்திருக்கிறது: அந்தலூசியா, துனிசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா. இந்திய முற்றத்தில் ஒரு பெரிய யானைக் கடிகாரம். 800 ஆண்டுகளுக்கு முன் அல் ஜசரி என்ற பொறியாளர் வடிவமைத்ததன் மாதிரி. மகன் யானையை விட்டு நகர மறுத்தான். இந்தியா என்று போட்டிருக்கிறதே, இதில் நம்ம ஊர் எங்கே என்று மகள் கேட்டாள். பதூதா மதுரைக்கு வந்திருக்கிறார் என்று சொன்னேன். இலங்கையிலிருந்து வரும்போது கப்பல் உடைந்து நம் கரையில் ஒதுங்கியவர். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் அவருக்குச் சகலை முறை. மதுரையில் கொள்ளைநோய் பரவியதைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். அவளுக்குச் சகலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது.

"இவர் வீட்டுக்கு எப்போ போனார்?"

"21 வயசுல கிளம்பினார். 24 வருஷம் கழிச்சுப் போனார். அவர் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவங்க அம்மா செத்துப்போயிட்டாங்க."

"அவருக்குப் பாப்பா இருந்துச்சா?"

இருந்தார்கள், வெவ்வேறு ஊர்களில். டமாஸ்கஸில் விட்டுவந்த பிள்ளையைப் பற்றி 20 ஆண்டுகள் கழித்து அங்கே திரும்பிப்போய் விசாரித்தபோதுதான், அவன் இறந்து பல வருடமாகிவிட்டது என்று தெரிந்திருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. மாலத்தீவுப் பையனைப் பற்றிச் சொன்னேன். அவன் பிறக்குமுன்பே பதூதா அங்கிருந்து கிளம்பிவிட்டார். பிறகு அவனைப் பார்ப்பதற்கென்றே கப்பலேறிப் போனார். பையனுக்கு இரண்டு வயது. பார்த்தார். தாயிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வங்காளத்துக்குக் கப்பலேறினார்.

"தூக்கினாரா?" என்று கேட்டாள்.

"தெரியலை. எழுதலை."

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. கடிகாரம் எப்போது அடிக்கும் என்று யானையின் காலடியில் உட்கார்ந்து காத்திருந்தான். அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடைசி மெட்ரோவுக்கு நேரம் நிறைய இருந்தது.